லேபிளுக்குப் பின்னால் எழுதிய தேதி

தீப்பெட்டி வாங்கி வரச் சொல்லி அனுப்பும்போது எங்கள் தெருவில் யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். படத்தைத்தான் சொல்வார்கள். யானை போட்டது, கப்பல் போட்டது, ரெட்டைக் கிளி போட்டது. கடைக்கார அண்ணாச்சி அதே படத்தை எடுத்து நீட்டுவார். படம் மாறிப்போனால் வீட்டில் ஏற்க மாட்டார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்பார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடிக்கு முன்னாலேயே அறிமுகமாகிவிடுவது இந்தப் படங்கள்தாம்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதையைத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். மழை பொய்க்கிற ஊரில் ஒரு தொழில் வேர்விட்ட கதை அது. சொல்கிறவர்கள் மருந்துப் பக்குவத்தைச் சொல்வார்கள், கடன் வாங்கிய கஷ்டத்தைச் சொல்வார்கள். என் அப்பா மட்டும் லேபிளில் வந்து நிற்பார். "குச்சி எல்லாருக்கும் ஒரே குச்சிதான். லேபிள்தான் ஆளுக்கு ஆள் வேற" என்பார். அணில், காக்கா, சேவல் என்று ஊரோடு ஒட்டிக்கொண்ட அடையாளங்கள் எழுத்தே தெரியாத மனிதர்களின் மனத்தில் எப்படிப் போய் உட்கார்ந்தன என்பதைப் பேசத் தொடங்கினால் அவருக்குச் சாப்பாடு ஆறிப்போகும்.

அப்பா ஒரு அச்சாபீசில் ஆர்ட்டிஸ்ட். சாய்வு மேஜை, அதன் கண்ணாடிக்கு அடியில் ஒரு குண்டு பல்பு, கையில் ரோமத்தை எண்ணிவிடக்கூடிய அளவுக்கு மெல்லிய பிரஷ். நாலு கலர் லேபிள் என்றால் நாலு தாளில் நாலு தடவை வரைய வேண்டும். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. ஒன்றின்மேல் ஒன்று அச்சேறும்போது கிளியின் மூக்குச் சிவப்பு இம்மியளவு விலகினாலும் அந்தத் தாள் கழிவுதான். புரூஃப் வந்ததும் லென்ஸை வைத்துக் குனிந்து பார்ப்பார். திருப்தியானால் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் நீல மையில் பார்ட்டி பெயர், ஊர், எத்தனை ரீம், தேதி எல்லாவற்றையும் எழுதுவார். பிறகு மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி சாம்பிள் புக்கில் ஒட்டுவார், தூக்கிப் பார்த்தால் பின்பக்கத்தைப் படிக்கலாம். பசையும் தாளுமாக உப்பிப்போய், மூடினாலும் மூடாமல் நிற்கிற தடித்த பேரேடு அது. அப்படிப்பட்ட பேரேடுகள் முதலாளியின் அறையில் சுவரோரமாக அடுக்கியிருந்தன. தேதியை எதற்கு விடாமல் எழுதுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "மறுபடி ஆர்டர் வந்தா தேடணும்ல" என்றார். அவருக்கு அவ்வளவுதான் காரணம்.

அச்சாபீசுக்கு ஒருவகை பார்ட்டிகள் வருவார்கள். வேறொருவருடைய பெட்டியிலிருந்து உரித்தெடுத்த லேபிளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைப்பார்கள். "அண்ணாச்சி, இதே மாதிரி ஒண்ணு போடணும். ஆனா இதுவா இருக்கக் கூடாது." அதே சிவப்பு, அதே பார்டர், சூரியக்கதிர் விரிகிற அதே கோணம். மானுக்குப் பதிலாக ஆடு. பெயரில் ஓர் எழுத்து கூடுதல். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், சந்தைக் கூட்டத்தில், அவசரமாகக் காசை நீட்டுகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பா லேபிளை அவர் பக்கமே தள்ளுவார். "இத வரைஞ்சவன் கை தெரியும் எனக்கு. உம்ம படத்தச் சொல்லும், வரைஞ்சு தாரேன்." சிலர் உட்கார்ந்து தங்கள் படத்தைச் சொல்வார்கள், சிலர் எழுந்து அடுத்த தெருவுக்குப் போவார்கள்.

அந்த அவசரக்காரரைத்தான் நம் உச்ச நீதிமன்றமும் அளவுகோலாக வைத்திருக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. 'அமிர்ததாரா' என்று ஒரு மருந்து. 'லட்சுமணதாரா' என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்ற வழக்கில் 1962-இல் தீர்ப்பு வந்தது. இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது, சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒருவர் காதில் விழுந்தால் குழம்புவாரா என்றே பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். குழம்புவார் என்றும் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பின் மறுபாதியைத்தான் தொழில் தொடங்குகிறவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். அமிர்ததாராக்காரர்கள் மற்றவர் விற்பது தெரிந்தும் பல வருடம் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதனால் லட்சுமணதாரா உத்தரப்பிரதேசத்துக்குள் மட்டும் பதிவு பெறலாம் என்று விடப்பட்டது. இன்றைய சட்டத்திலும் அதே நெறி இருக்கிறது. பின்னால் வந்தவர் உங்களைப் போன்ற பெயரை நேர்மையாகப் பதிந்து விற்பதைத் தெரிந்தே ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், பிறகு அவரைத் தடுக்கக் கேட்கும் உரிமை போய்விடுகிறது.

பெரியம்மா பேசாமல் இருக்கிறவள் அல்ல. விருதுநகரில் பெரியப்பா வேலைபார்த்த எண்ணெய் மில் மூடியபோது, வீட்டு அடுப்பில் சாம்பார்ப் பொடி வறுத்து விற்கத் தொடங்கினாள். மிளகாய் வற்றலுக்கும் மல்லிக்கும் அந்த ஊரில் பஞ்சமில்லை. கொஞ்ச காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பெரியம்மா காத்ததெல்லாம் பக்குவத்தைத்தான். வறுக்கிறவள் வேறு, அரைக்கிறவள் வேறு, அளவு அவளுக்கு மட்டும். ராத்திரி எல்லோரும் போன பிறகு தராசை எடுத்து வைத்து வெந்தயம், பெருங்காயம், இன்னும் அவள் யாருக்கும் சொல்லாத ஒன்றிரண்டையும் நிறுத்து, சின்னச் சின்ன மஞ்சள் துணி முடிச்சாகக் கட்டி வைப்பாள். காலையில் சட்டிக்கு ஒரு முடிச்சு. முடிச்சில் என்ன இருக்கிறது என்று மருமகளுக்குக்கூடச் சொன்னதில்லை.

அது சரியான காவல்தான் என்று இன்றும் நினைக்கிறேன். சாம்பார்ப் பொடிக்குக் காப்புரிமை கிடைக்காது. தெரிந்த பொருள்களைக் கலந்து அவற்றின் குணங்களை ஒன்றுசேர்த்தால் மட்டும் அது கண்டுபிடிப்பாகாது என்கிறது 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். வழிவழியாக வந்த அறிவையும் அது விலக்கிவைக்கிறது. தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. ரகசியத்தை ரகசியமாக வைத்திருக்க நீங்கள் எடுத்த முயற்சியும், வேலைக்கு வருகிறவரிடம் எழுதி வாங்கிய உறுதியும்தான் நீதிமன்றத்தில் பேசும். வேலையை விட்டுப் போன பிறகு அதே தொழிலைச் செய்யவே கூடாது என்று எழுதி வாங்கினால் செல்லாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிழைப்பைத் தடுக்கிற ஒப்பந்தங்களை ஏற்பதில்லை, அது நியாயமும்கூட. இங்கே தெரிந்துகொண்ட அளவுகளை வெளியே சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கலாம். பெரியம்மா எதையும் எழுதி வாங்கியதில்லை. அவளுக்கு மஞ்சள் முடிச்சு போதுமாக இருந்தது.

பெயர் வைக்கும்போது அப்பாவுக்கும் அவளுக்கும் வாக்குவாதம். 'வீட்டுச் சாம்பார்ப் பொடி' என்று போட்டால் போதும் என்றாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மதினி, நாளைக்கு ஊரே வீட்டுச் சாம்பார்ப் பொடின்னு போடும். நீங்க போய் என்னன்னு கேப்பீங்க?" கடைசியில் அவள் தன் மாமியார் பெயரைச் சொன்னாள். அப்பா ஒரு முறத்தையும் அதைப் புடைக்கிற வளையல் கையையும் வரைந்தார். முகம் இல்லை, கை மட்டும். வளையல்களில் ஒன்று பச்சை. பச்சை வளையல் பொடி என்றே பல கடைகளில் கேட்டு வாங்கினார்கள்.

அப்பாவின் அந்த எண்ணம் பெரிய கம்பெனிகளுக்கும் பொருந்துகிறது. ஐடிசி தன் நூடுல்ஸ் உறையில் 'மேஜிக் மசாலா' என்று போட்டது. நெஸ்லே 'மேஜிக்கல் மசாலா' என்று போட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மேஜிக் என்பது சரக்கைப் புகழ்கிற பொதுச் சொல், மசாலா என்பது சரக்கின் பெயர், இதை ஒருவர் மட்டும் தன்னுடையது என்று பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று 2020-இல் தீர்ப்பானது. அத்தனை பணமும் விளம்பரமும் இருந்தவர்களுக்கே அந்த நிலை. 'சுத்தமான', 'சுவையான', 'அம்மா கைமணம்' என்று பெயர் தேடுகிற சின்னத் தொழில்காரர்களை நினைத்தால் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. சரக்கை விவரிக்கிற பெயர் முதல் நாள் எளிதாக விற்கும், ஆனால் அதைக் காக்க முடியாது. எந்த அகராதியிலும் இல்லாத, புதிதாகக் கட்டிய சொல்லுக்குத்தான் பலம் அதிகம். விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் தன் பானத்துக்கு 'பொவண்டோ' என்று பெயர் வைத்ததே, அதைப் போல. அதற்கு அர்த்தம் கேட்டு யாரும் குடிப்பதில்லை.

ஒருவருடைய அடையாளமே பெயராவதும் உண்டு. திண்டுக்கல்லில் 1957-இல் ஆனந்த விலாஸ் என்று பிரியாணிக் கடை தொடங்கிய நாகசாமி நாயுடு எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். சனங்கள் ஆனந்த விலாஸை மறந்து தலைப்பாகட்டிக் கடை என்றார்கள். பிறகு அந்தச் சொல்லின் ஏதோவொரு வடிவத்தைத் தாங்கிய பலகைகள் ஊர் ஊராக முளைத்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு மனிதரின் தலைக்கட்டுக்கு அவ்வளவு மதிப்பு சேர்ந்திருந்தது. அந்த மதிப்பைச் சேர்த்தது அரிசியும் கறியும் வெந்த பக்குவம். ஆனால் அது குடியிருந்தது பெயரில்.

பெரியம்மாவுக்கு நேர்ந்ததும் அங்கேதான். முடிச்சுக்குள் இருந்ததை யாரும் திருடவில்லை. அவளுடைய பொடியைத் தென் மாவட்டங்களில் கடை கடையாகப் போட்டுவந்த ஒரு ஏஜென்ட், பெயரைத் தன் பெயரில் பதிந்துகொண்டார். அது தெரிய வந்ததே வக்கீல் நோட்டீஸ் வந்தபோதுதான். எங்கள் வணிகச் சின்னத்தைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தவும் என்று அவளுக்கே எழுதியிருந்தார்கள். பெரியம்மா நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன். வக்கீல் மேஜையில், சட்டம் போட்ட கண்ணாடியோடு சுவரிலிருந்து கழற்றி எடுத்துவந்த உரிமங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். நகராட்சி உரிமம், விற்பனை வரிப் பதிவு, உணவுக் கலப்படத் தடைச் சட்ட உரிமம். "இம்புட்டும் எம் பேர்லதான் இருக்கு. எம் மாமியார் பேர அவன் எப்படிய்யா பதிஞ்சான்?"

வக்கீல் பொறுமையானவர். "அம்மா, இதெல்லாம் நீங்க தொழில் செய்யலாம்னு சொல்ற காகிதம். பேரு உங்களதுன்னு இதுல ஒண்ணுகூடச் சொல்லல" என்றார்.

அந்த வாக்கியத்தை அதன் பிறகு எத்தனையோ பேரிடம் நான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். உரிமங்களின் பெயர்தான் மாறியிருக்கிறது, மயக்கம் மாறவில்லை. ஜிஎஸ்டி வாங்கிவிட்டோம், எஃப்எஸ்எஸ்ஏஐ வாங்கிவிட்டோம், உத்யம் பதிவு இருக்கிறது, கம்பெனியையே பதிந்துவிட்டோம், இணையதளப் பெயரை வாங்கிவிட்டோம், இன்ஸ்டாகிராமில் இத்தனை ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். இவை எவையும் வணிகச் சின்னப் பதிவு ஆகாது. கம்பெனிப் பதிவாளர் ஒரு பெயரை அனுமதித்துவிட்டார் என்பதற்காக, அதே பெயரை ஏற்கனவே வணிகச் சின்னமாகப் பதிந்தவர் உங்களைத் தடுக்க முடியாமல் போய்விடாது.

அன்று வக்கீல் அடுத்துக் கேட்டது, "அவருக்கு முன்னாடியிருந்தே நீங்க இந்தப் பேர்ல வித்ததுக்கு எழுத்துல என்ன இருக்கு?" 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் முந்திப் பயன்படுத்தியவரைக் கைவிடுவதில்லை. பதிந்தவர் பதிவதற்கும் பயன்படுத்துவதற்கும் முன்பிருந்தே இடைவிடாமல் அந்தப் பெயரில் வியாபாரம் செய்துவந்தவரை அவர் தடுக்க முடியாது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். பெரியம்மா பில் புத்தகங்களைத் தகரப் பெட்டியில் போட்டுவைத்திருந்தாள். கரையான் பாதியைத் தின்றிருந்தது. மிச்சமிருந்தவற்றில் பலவற்றில் 'பொடி' என்றுதான் இருந்தது, பெயர் இல்லை.

அப்போதுதான் சாம்பிள் புக் நினைவுக்கு வந்தது. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அச்சாபீஸ் ஆப்செட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் மாறி, பழைய முதலாளியின் மகன் நடத்திக்கொண்டிருந்தார். பேரேடுகளைக் குடோனில் போட்டிருந்தார்கள். தூசியும் காய்ந்த பசையும் சேர்ந்த வாசனைக்குள் அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். யானை, கப்பல், கிளி, எத்தனையோ ஊர்களின் எத்தனையோ படங்கள். பச்சை வளையல் வந்தது. தாளைத் தூக்கினார். பின்பக்கம் அவர் கையெழுத்தில் பெரியம்மா பெயர், விருதுநகர், ரீம் கணக்கு, தேதி. ஏஜென்ட் தன் விண்ணப்பத்தில் சொல்லியிருந்த தேதிக்குப் பல வருடம் முந்தியது. முதலாளியின் மகன் எதுவும் கேட்காமல் பேரேட்டையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அதற்கு இணையான அச்சுக்கூலிப் பில்லையும் தன் கணக்குப் புத்தகத்திலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்.

அப்போது அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் சென்னையில் இருந்தது. ஏஜென்டின் பதிவை நீக்கக் கோரி மனு போட்டோம். வருடங்கள் ஆயின, ஆனாலும் நீங்கியது. அந்த வாரியத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள். அந்த வாரியம் விசாரித்த வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. சின்னத் தொழில்காரர்களுக்கு அது தூரமான வாசல். முதலிலேயே பதிந்துவைப்பது முன்னைவிட இப்போது அவசியம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேதி போட்ட காகிதம் எவ்வளவு பெரியவர்களையும் நிறுத்தும் என்பதற்கு மஞ்சள் கதையை எப்போதும் சொல்வேன். காயத்துக்கு மஞ்சள் பூசுவதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லி அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-இல் காப்புரிமை பெற்றது. ஈரோட்டுச் சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கும் தெரிந்த வைத்தியம் அது. ஆனால் எல்லோருக்கும் தெரியும் என்பது அங்கே சான்றாகாது. நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், அப்போது அதன் தலைமை இயக்குநராக இருந்த மாஷேல்கர் காலத்தில், பழைய சமஸ்கிருத நூல்களையும் இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-இல் வந்த கட்டுரையையும் எடுத்துவைத்து வாதாடியது. 1997-இல் காப்புரிமை ரத்தானது. அச்சில் இருந்ததால் மீண்டோம். அந்தப் பாடத்தால்தான் 2001-இல் மரபு அறிவு மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு நம் சித்த மருத்துவ நூல்களும் அதில் ஏறியிருக்கின்றன.

இது எனக்குள் இன்னொரு கேள்வியைக் கிளப்பும். எல்லாவற்றையும் பதிந்து பூட்டிக்கொண்டே போனால் ஊருக்கென்று என்ன மிஞ்சும்? சிறுவயதில் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகிற பஸ் நின்றதும் ஜன்னலோரம் பால்கோவா நீட்டுவார்கள். எந்தக் கடை என்று கேட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதே போதும். பிறகு அந்தப் பெயரை ஒட்டிய பொட்டலங்கள் அந்த ஊர்ப் பாலையே பார்க்காமல் எங்கெங்கோ விற்பனையாகத் தொடங்கின. அப்படிப்பட்ட பெயர்களுக்குத்தான் புவிசார் குறியீடு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் கிடைத்தது. கரிசல் நிலக்கடலையும் வெல்லமும் தாமிரபரணித் தண்ணீரும் சேர்ந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது. இந்தியா முழுவதுக்குமான அந்தப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டும் டார்ஜிலிங் தேயிலையும் அங்கேதான் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பெயர் எந்த ஒரு முதலாளிக்கும் சொந்தமாகாது. அந்த மண்ணில் அந்த முறையில் செய்கிறவர் எவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளலாம். ஊர் சேர்த்த பெயர் ஊருக்கு, ஒருத்தியின் கை சேர்த்த பெயர் அந்தக் கைக்கு. இரண்டையும் சட்டம் தனித்தனியே வைத்திருப்பதில் எனக்கு நிறைவு உண்டு. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்கிறவர் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம். ஊர்ப் பெயரைப் பயனாளராக, தன் கடைப் பெயரை உரிமையாளராக. பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

பெரியம்மாவின் பேத்தி இப்போது சிறுதானியச் சத்துமாவு செய்கிறாள். பொடித் தொழில் அவள் அப்பாவுக்கும் அவர் தம்பிக்கும் இடையே பாகமானபோது பெயர் யாருக்கு என்று பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். வழக்கில் அடிபட்டவர்கள் என்பதால் அந்த விவரம் இருந்தது. நம் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் வீட்டைப் பிரிக்கும், மெஷினைப் பிரிக்கும், பெயரைப் பிரிக்க மறந்துவிடும். பிறகு ஒரே தெருவில் 'ஒரிஜினல்' என்று ஒரு பலகையும் 'அசல்' என்று இன்னொரு பலகையும் தொங்கும். கூட்டாளிகள் சேர்ந்து தொடங்கும்போதே, பிரிந்தால் பெயர் எவருக்கு என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தச் சண்டை இல்லை.

அவள் தன் லோகோவைப் போனில் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. "யார் போட்டது?" என்றேன்.

"கோயம்புத்தூர்ல ஒரு பையன், சித்தப்பா. ஃப்ரீலான்ஸ். காசு அனுப்பிட்டேன், ஃபைல் அனுப்பிட்டான்."

"எழுதி வாங்கினியா?"

"காசுதான் குடுத்துட்டோமே."

காசு கொடுத்ததால் மட்டும் அது அவளுடையதாகிவிடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையின் பகுதியாக வரைந்தால் முதலாளிக்குச் சொந்தம். வெளியே இருக்கிற ஓவியர் ஒரு லோகோ வரைந்து கொடுத்தால், எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுக்கும் வரை உரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். எழுதும்போதும் எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடத்துக்கு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அன்று மாலையே அவள் அந்தப் பையனுக்குப் பேசினாள். ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். தன் வேலைப் பட்டியலில் அந்த லோகோவைக் காட்டிக்கொள்ள அனுமதி கேட்டான். கொடுக்கச் சொன்னேன்.

இதை எழுதும்போது அப்பா நினைப்பு வந்துவிட்டது. அத்தனை பேரேடுகளில் ஒரு படத்தில்கூட அவர் தன் பெயரைப் போட்டதில்லை. சம்பளக்காரர். சட்டப்படி அவை அச்சாபீசுக்கு உரியவை, பார்ட்டிகள் தங்களுடையவை என்று நினைத்தார்கள். வடநாட்டுக் கடைகள்வரை போன அந்த மான்களும் கிளிகளும் யார் கையில் பிறந்தன என்று எங்கும் பதிவில்லை. இன்று பழைய தீப்பெட்டி லேபிள்களை ஆசையாகச் சேகரிக்கிறார்கள், கண்காட்சி வைக்கிறார்கள். வரைந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கையால் உண்டாக்குகிறவர்களின் உரிமையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு அந்த வெற்றிடமும் காரணம்.

எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். கடலைமிட்டாயைச் சூடு ஆறுவதற்குள் சமமாக வெட்டுகிற ஒரு கருவியைச் செய்தார். உருளையில் கத்திகளைப் பதித்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் சொட்டுகிற சின்னக் குழாயும் வைத்திருந்தார். பெருமையோடு ஒரு தொழிற்கண்காட்சியில் வைத்து ஓட்டிக் காட்டினார். அடுத்த கண்காட்சியில் அதே கருவி வேறு மூன்று பெயர்களில் நின்றது. காப்புரிமை கேட்கலாமா என்று அதன் பிறகு விசாரித்தார். ஊரறியக் காட்டிவிட்டது பிறகு புதியதாகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காட்டுவதற்கு முன்னால் தற்காலிக விவரக்குறிப்போடு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தால் தேதி கிடைத்திருக்கும். முழு விவரத்தைக் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது வருடம்.

உரிமை வாங்குவது பேராசை என்று நினைக்கிறவர்களுக்குக் கோவை அருணாசலம் முருகானந்தத்தைச் சொல்வேன். குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்கிற இயந்திரத்துக்கு அவர் காப்புரிமை பெற்றார். பெற்றுக்கொண்டு பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல், பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். உரிமை கையில் இருந்ததால்தான் யாருக்குக் கொடுப்பது என்று அவரால் தீர்மானிக்க முடிந்தது.

பேத்தியோடு உட்கார்ந்து அவள் சத்துமாவின் பெயருக்கு விண்ணப்பம் போட்டது ஒரு மதிய நேரத்து வேலைதான். முதலில் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் அதே பெயரோ அதே ஒலியோ உள்ள பெயர் இருக்கிறதா என்று தேடினோம். தேடுவதற்குக் கட்டணமில்லை. தமிழில் ஒலிக்கிற விதத்தையும் ஆங்கிலத்தில் எழுதக்கூடிய விதங்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. மாவும் மசாலாவும் 30, ஊறுகாய் 29, சோப்பும் ஊதுபத்தியும் 3, ஓட்டல் 43. ஒரு வகுப்பில் பதிந்தால் மற்றதில் காவல் தானாக வராது. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழியில் வகுப்புக்கு 4,500 ரூபாய், பெரிய நிறுவனங்களுக்கு 9,000. உத்யம் சான்று இருந்ததால் குறைந்த கட்டணம். விண்ணப்பதாரர் பெயராக அவள் பெயரையே போட்டோம். ஏஜென்டுடையதும் அல்ல, வேலையைப் பார்த்துக் கொடுக்கிற ஆலோசகருடையதும் அல்ல.

அதிகாரிகள் ஏற்றுக்கொண்டால் வணிகச் சின்ன இதழில் வெளியிடுவார்கள். நாலு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். அந்த இதழ் வாரந்தோறும் வருகிறது. யாராவது உங்கள் பெயரை ஒட்டி விண்ணப்பித்திருக்கிறார்களா என்று நீங்களும் அதில் பார்த்துக்கொள்ளலாம். அன்று பெரியம்மாவுக்காக யாராவது அதைப் பார்த்திருந்தால் வழக்கே வந்திருக்காது. பதிவு கிடைக்கும் வரை லேபிளில் டிஎம் என்று போடலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது. பதியாமலே அதைப் போடுவது குற்றம். பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ அனுப்பத் தொடங்கினால் அங்கே தனியாகக் கேட்க வேண்டும். 2013 முதல் இந்தியா மாட்ரிட் ஏற்பாட்டில் இருப்பதால் இங்கிருந்தே விண்ணப்பிக்க வழி உண்டு.

சத்துமாவு டப்பாவின் முதல் லேபிள் அச்சாகி வந்ததும் அவளிடம் ஒன்றைத்தான் கேட்டேன். அதன் பின்பக்கம் தேதி எழுதி, அச்சுக்கூலிப் பில்லையும், பெயர் போட்ட முதல் விற்பனைப் பில்லையும் சேர்த்து ஒரு கோப்பில் வைக்கச் சொன்னேன். கூடவே எல்லாவற்றையும் படமெடுத்துத் தன் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைத்தாள்.

தொழில் தொடங்கப்போகிற தம்பிகளே, தங்கைகளே, பெயர் பிரபலமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிரபலமான பெயரைத்தான் அடுத்தவர் தேடி வருவார். பதிவுச் சான்று கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அது எப்போது வந்தாலும், சட்டப்படி பதிவுத் தேதி நீங்கள் விண்ணப்பம் கொடுத்த தேதிதான்.